ரேஸ் விட்டு வந்த குதிரையின் குளம்பு வலியும் லாடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேஸில் ஓடி முடித்த குதிரையை வாங்கியவர்கள், யாரோ கொடுத்ததால் வைத்துக்கொண்டவர்கள், எல்லோரும் முதல் மூன்று மாதத்தில் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். நானும் கேட்டேன். எங்களிடம் வந்த செவலைக்கு ஏழு வயது. வண்டியிலிருந்து இறங்கும்போது ராஜநடை, இரண்டாவது வாரம் சரளைப் பாதையைப் பார்த்தாலே தயக்கம். அப்புறம் ஒன்றரை வருஷம் அதன் குளம்பைப் பார்த்தே போனது. லாடம் அடிப்பது கொடுமை என்று ஒரு கட்சி, லாடமில்லாமல் ரேஸ் குதிரை நடக்கவே நடக்காது என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் சேர விருப்பமில்லை, இன்றைக்கு அந்தக் குதிரை வலியில்லாமல் நடக்கிறதா என்பதை மட்டும்தான் பார்க்கிறேன். இதைப் படித்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

வந்தபோது நன்றாகத்தான் நடந்தது. இப்போது கல் தரையில் கால் வைக்கக் கூசுகிறது. இது நோயா?

பெரும்பாலும் நோயில்லை, ஆனால் காரணம் இருக்கிறது. இதுவரை அது மிதித்த தரை மணல், புல், சமமான ஓடுதளம், ரப்பர் விரிப்பு. கல்லில் நடந்து பழக்கமே இருந்திருக்காது. பல குதிரைகளை லாடத்தைக் கழற்றித்தான் அனுப்புவார்கள், இல்லையென்றால் தேய்ந்துபோன மெல்லிய ரேஸ் லாடத்தோடு அனுப்புவார்கள். வருஷக்கணக்காகச் செருப்போடு நடந்தவரை ஒரே நாளில் வெறுங்காலோடு சரளையில் இறக்கிவிட்டால் எப்படி நடப்பாரோ, அப்படித்தான் இதுவும் நடக்கும். இன்னொன்று, ஓட்டத்தில் இருந்த நாளில் வலிக்கும் வீக்கத்துக்கும் மருந்து கொடுத்திருந்தால், அது உடம்பைவிட்டுப் போனபிறகு பழைய வலி தலைகாட்டும்.

இரண்டு முன்னங்கால்களும் ஒரே மாதிரி கூசுகின்றன, மெத்தென்ற தரையில் நன்றாக நடக்கிறது என்றால், குளம்பின் அடித்தட்டு மெலிந்ததால் வரும் கூச்சம் என்று முதலில் நினைக்கலாம். ஒரே கால் மட்டும் என்றால் அந்த நினைப்பை விட்டுவிட்டு வேறு எதையாவது தேடுங்கள்.

ரேஸ் குதிரைகளுக்கு மட்டும் குளம்பு ஏன் இவ்வளவு மோசம்?

பிறவி பாதி, வளர்ப்பு பாதி. தரோபிரெட் இனத்தைத் தலைமுறை தலைமுறையாக வேகத்துக்காகப் பொறுக்கி எடுத்தார்களே தவிர, குளம்புக்காக யாரும் பொறுக்கவில்லை. அதனால் பல குதிரைகளுக்குக் குளம்பைச் சுற்றியுள்ள சுவரும் மெல்லிசு, அடித்தட்டும் மெல்லிசு, பாதம் தட்டை. இது பிறவி.

வளர்ப்புக்கு வருவோம். இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்கும் இனம் இது, எலும்பும் குளம்பும் முழுதாக முதிரும் முன்பே காலில் லாடம் ஏறிவிடும். ரேஸ் லாடம் பெரும்பாலும் அலுமினியம். அதே அளவு இரும்பு லாடத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், ஆனால் சீக்கிரம் தேயும், அதனால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். குளம்போ மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். போனமுறை ஆணி அடித்த துளை கீழே இறங்கி வெட்டுப்படுவதற்குள் பக்கத்திலேயே அடுத்த துளை விழுந்துவிடும். இப்படி மூன்று வருஷம் போனால் சுவரின் கீழ்ப்பகுதி சல்லடை மாதிரி ஆகாமல் என்ன செய்யும்?

இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை வடிவத்தில் இருக்கிறது. நுனி நீண்டு, குதிப்பகுதி தாழ்ந்து, குதிச்சுவர் முன்பக்கமாகச் சாய்ந்து நசுங்கியிருக்கும். பக்கவாட்டில் நின்று பாருங்கள்: கணுக்காலுக்குக் கீழே இறங்கும் சாய்கோடு குளம்பின் முன்சுவரோடு ஒரே கோடாகப் போகவேண்டும். ரேஸ் குதிரைகள் பலவற்றில் அது குளம்பு தொடங்கும் இடத்தில் பின்பக்கமாக உடைந்து நிற்கும். நுனி நீண்டால் கால் தரையைவிட்டு எழும்பத் தாமதமாகும், அந்தத் தாமதத்தில் பின்னால் இருக்கும் தசைநாரும் அது உரசிப்போகும் நேவிகுலர் என்ற சின்ன எலும்பும் இழுபடும். குதிப்பகுதி எடை தாங்கும் இடத்தைவிட்டு முன்னால் நகர்ந்துவிடுவதால் நசுங்கிக்கொண்டே போகும். நீங்கள் இனிமேல் எடுக்கப்போகும் எந்த முடிவிலும் இந்த வடிவக் கோளாறுதான் நடுவில் வந்து உட்காரும்.

வலி எந்தக் காலில் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கெட்டியான சமதரையில் ஒருவர் பிடித்து ட்ராட்டில், அதாவது மிதமான ஓட்டத்தில், ஓட்டட்டும், நீங்கள் தலையைப் பாருங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். பின்னங்கால் என்றால் இடுப்பு ஏறி இறங்குவதைப் பார்க்கவேண்டும், அதற்குக் கண் பழக நாளாகும்.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. இரண்டு முன்னங்கால்களும் சமமாக வலித்தால் தலை ஆடவே ஆடாது. குதிரை நொண்டாது, அடியைச் சுருக்கி, முட்டையின்மேல் நடப்பதுபோல் நடக்கும். "இதன் நடையே அப்படித்தான், சோம்பேறி" என்று சொல்லிவிடுவோம். செவலையை நாங்கள் ஒன்றரை மாதம் சோம்பேறி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். கெட்டித் தரையில் சின்ன வட்டத்தில் திருப்பியபோதுதான் உள்பக்கக் கால் காட்டிக்கொடுத்தது.

அப்புறம், கால் தரையில் படும் விதத்தை மொபைலில் ஸ்லோமோஷனில் படம் பிடியுங்கள். குதி முதலில் படவேண்டும், அல்லது முழுப்பாதமும் ஒன்றாகப் படவேண்டும். நுனி முதலில் குத்தினால் குதிப்பக்கத்தில் வலி இருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் காரணம் குளம்பின் அடியில் வரும் அழுகலாகவும் இருக்கலாம், நேவிகுலர் எலும்புக் கோளாறாகவும் இருக்கலாம்.

நாடியும் சூடும் பார்க்கச் சொல்கிறார்கள். எப்படி?

கணுவின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரல் வைத்து மெல்ல அழுத்தினால் ரத்தக்குழாய் கயிறுபோல் வழுக்கும். ஆரோக்கியமான குதிரையில் அங்கே துடிப்பு கிடைப்பதே சிரமம். துள்ளிக்கொண்டு கிடைத்தால் குளம்புக்குள் ஏதோ கொதிக்கிறது. சூட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், நல்ல குளம்பே ஒரே நாளில் சூடாகவும் சில்லென்றும் மாறும். ஒரு கால் மட்டும் மணிக்கணக்காகச் சூடாகவே இருந்தால்தான் விஷயம். குதிரை நன்றாக இருக்கும் நாளில் தினமும் தொட்டுப் பழகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியாது.

எப்போது காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடவேண்டும்?

காலைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்றால். பெரும்பாலும் குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கும், கால் ஒடிந்துவிட்டதோ என்று பயப்படும் அளவுக்கு நொண்டும், சீழ் வெளியே வந்ததும் எதுவுமே நடக்காததுபோல் நடக்கும். ஆனால் எலும்பு முறிவும் வெளியே இருந்து பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், அதனால் நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, எடையைப் பின்னால் சாய்த்து, திரும்பவே மறுத்து நின்றால் அது லேமினைட்டிஸ். குளம்புச் சுவரையும் உள்ளெலும்பையும் இணைக்கும் திசு அழற்சி அடைந்து விட்டுக்கொடுக்கத் தொடங்கும் நிலை, ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. மருத்துவர் வரும்வரை தீவனத் தானியத்தை நிறுத்தி, கால்களை ஐஸ் போட்ட நீரில் நிறுத்தி, மெத்தையாகப் படுக்கை போட்டு வையுங்கள். நடக்கவிடாதீர்கள்.

மூன்றாவது, அடியில் ஆணியோ கம்பியோ ஏறியிருந்தால். பதற்றத்தில் பிடுங்கத்தான் கை போகும். மிதித்தால் இன்னும் உள்ளே போகும் என்ற நிலை இல்லையென்றால் அப்படியே விட்டு, அதைச் சுற்றித் தடித்த கட்டு போட்டு மருத்துவருக்குக் காத்திருங்கள். ஆணி இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தால் எதுவரை போயிருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியும். பிடுங்கியே ஆகவேண்டும் என்றால் இடத்தையும் ஆழத்தையும் குறித்துவைத்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தட்டின் நடுவில் முக்கோண மெத்தையாக இருக்கும் ஃப்ராக்கில் ஏறியது மிகவும் ஆபத்து, அதற்கு மேலே நேவிகுலர் எலும்பை ஒட்டிய திரவப் பை இருக்கிறது. டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே அவசியமா? லாடக்காரர் பார்த்தாலே தெரியும் என்கிறார்.

அனுபவமுள்ள லாடக்காரருக்கு நிறையத் தெரியும். ஆனால் சுவருக்குள் எலும்பு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்கும் வெளியே இருந்து தெரியாது. நான் எதற்காவது யோசிக்காமல் செலவு செய்வேன் என்றால் அது இந்தப் பக்கவாட்டு எக்ஸ்ரேதான். இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, அடித்தட்டின் தடிமன்: 15 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தால் நிம்மதி, 10-க்குக் கீழே போனால் கல்லில் ஏன் கூசுகிறது என்று வேறு காரணம் தேடவே வேண்டாம். இரண்டு, குளம்பெலும்பின் அடிப்பக்கம் பின்னால் சில டிகிரி உயர்ந்து இருக்கிறதா, அல்லது பின்பக்கம் தாழ்ந்து எதிர்ப்பக்கமாகச் சாய்ந்துவிட்டதா. சாய்ந்திருந்தால் திட்டமே மாறும்.

படம் எடுக்கும் நாளில் லாடக்காரரையும் அங்கே இருக்கச் செய்தால் பாதிச் சண்டை குறையும். அறிக்கைக் காகிதத்தைவிட அவர் கண்ணால் படத்தைப் பார்ப்பது மேல்.

சரி, லாடத்தைக் கழற்றி வெறுங்காலாக விட்டுவிடலாமா?

விடலாம், எல்லாக் குதிரைக்கும் அல்ல, எல்லா நேரத்திலும் அல்ல. குதிரைக்கு ஓய்வு கொடுக்கப்போகிறீர்கள், மேய மெத்தென்ற நிலம் இருக்கிறது, ஆறு மாதம் ஏறி ஓட்டும் அவசரம் இல்லை என்றால் அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆணித்துளைகள் கீழே இறங்கி வெட்டுப்படும், நசுங்கிய குதி கொஞ்சம் கொஞ்சமாக விரியும், ஃப்ராக் தரையைத் தொட்டுத் தடிக்கும். வறண்டு பாறைபோல் இறுகிய தரை மட்டும்தான் இருக்கிறது, அடித்தட்டு 8 மில்லிமீட்டர், அடுத்த மாதமே ஓட்டவேண்டும் என்றால் கழற்றுவது குதிரைக்குச் செய்யும் உதவி ஆகாது.

கழற்றும் விதமும் முக்கியம். மடித்த ஆணி முனைகளை முதலில் நிமிர்த்தியோ அரத்தால் தேய்த்தோ எடுத்துவிட்டு, குதிப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கி மெல்ல நெம்பவேண்டும். அவசரமாகப் பிடுங்கினால் ஏற்கெனவே உளுத்திருக்கும் சுவர் ஆணியோடு சேர்ந்து வரும். பிறகு சுவரின் ஓரத்தை அரத்தால் உருட்டிவிட்டால் போதும், சிம்பு சிம்பாக உடையாது. அடித்தட்டில் கத்தி படவே கூடாது. "அழகாகச் சுத்தம் செய்து தருகிறேன்" என்று வெள்ளையாகத் தெரியும்வரை சீவுபவர் அந்த ஓரிரண்டு மில்லிமீட்டரை வளர்க்க உங்களுக்கு எத்தனை வாரம் ஆகும் என்று யோசிப்பதில்லை. நம் நகத்தை ஒட்ட வெட்டினால் இரண்டு நாள் விரல் கூசுமே, அதேதான்.

கழற்றிய பிறகு எத்தனை நாள் கூசும்? பொறுத்துக்கொள்ளத்தானே வேண்டும்?

கல்லில் கொஞ்சம் பார்த்துப் பார்த்து நடப்பது சில வாரம் இருக்கலாம். மெத்தையான தரையிலும் நடக்க மறுப்பது, பாதி நாள் படுத்தே கிடப்பது, நாடி துள்ளுவது, இதையெல்லாம் "பழகும்வரை அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வலியோடு நடக்கும் குதிரை நுனியை முதலில் ஊன்றும், குதிக்கு வேலையே கிடைக்காது, குதி பலப்படவில்லை என்றால் வெறுங்கால் வைத்தியத்தின் பலனே போச்சு. அந்த நிலைக்கு வந்தால் பூட்ஸ் போடுங்கள், இல்லையென்றால் லாடத்துக்கே திரும்புங்கள். அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

முன்னங்காலுக்கு மட்டும் லாடம் அடித்தால் போதுமா?

பல குதிரைகளுக்குப் போதும். உடல் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன, வலியும் அங்கேதான் அதிகம். பின்னங்கால்களை வெறுமனே விட்டுத் தேய்மானத்தை மட்டும் கவனித்துக்கொண்டால் சரி. கூட்டமாக மேயும் இடத்தில் பின்னங்காலில் லாடம் இல்லாதது மற்றக் குதிரைகளுக்கும் நல்லது, உதை வாங்கினாலும் காயம் குறையும்.

லாடம் என்று முடிவானால் இரும்பா, அலுமினியமா?

எந்த உலோகம் என்பதற்கு நாம் கொடுக்கும் முக்கியத்துவம் கொஞ்சம் அதிகம். எங்கே வைத்து அடித்தார் என்பதுதான் கேள்வி. முதலில் குளம்பைச் சரியாகச் சீவி நுனியைப் பின்னுக்குக் கொண்டுவரவேண்டும். பிறகு லாடத்தின் முன்விளிம்பு சுவரோடு ஒட்டியோ கொஞ்சம் உள்வாங்கியோ உருட்டி இருக்கவேண்டும், அப்போதுதான் கால் சுலபமாக எழும்பும். பின்முனைகள் குதி எங்கே இருக்கவேண்டுமோ அதுவரை நீண்டு அதற்குத் தாங்கலாக இருக்கவேண்டும். லாடம் கழன்று விழுமோ என்ற பயத்தில் குட்டையாக, நெருக்கமாக அடிப்பவர்கள் உண்டு, அப்படிச் செய்தால் தாழ்ந்த குதி இன்னும் நசுங்கும். ஆணிகள் குளம்பின் அகலமான இடத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடவேண்டும், பின்பக்கம் விரிந்து சுருங்க விடவேண்டும்.

உலோகத்துக்கு வந்தால், சாதாரண ஓட்டத்துக்கும் நடைக்கும் இரும்பு உழைக்கும், மலிவு, வளைத்துத் திருத்தலாம். அகலமான பட்டை உள்ள லாடம் அடித்தட்டைக் கூடுதலாக மறைக்கும், தட்டைப் பாதத்துக்கு நல்லது, ஆனால் அதன் உள்விளிம்பின் மேல்பக்கத்தைச் சரித்துவிட்டிருக்கவேண்டும். லாடம் தாங்கவேண்டியது சுவரை. மெல்லிய அடித்தட்டின்மேல் உட்கார்ந்துவிட்டால் லாடமே வலிக்குக் காரணமாகிவிடும். அகலமாகவும் எடை குறைவாகவும் வேண்டுமென்றால் தடித்த அலுமினியம் இருக்கிறது. அது ரேஸ் தகடு அல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முட்டை வடிவ மூடிய லாடம், இதய வடிவ லாடம் எல்லாம் மருத்துவரும் லாடக்காரரும் படத்தைப் பார்த்துச் சேர்ந்து முடிவு செய்யவேண்டியவை. பார்க்க நன்றாக இருக்கிறது என்று நாமாகக் கேட்டு வாங்கக்கூடாது.

லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவில் தோலோ பிளாஸ்டிக்கோ வைக்கிறார்களே, நல்லதா?

கல்லில் கூசும் மெல்லிய அடித்தட்டுக்கு உடனே தெரியும் நிம்மதி அதுதான். செவலைக்கு முதல் இரண்டு தடவை தோல்தகடு வைத்துத்தான் அடித்தோம், மறுநாளே நடை மாறியது. குறை என்னவென்றால் உள்ளே ஈரமும் மண்ணும் புகுந்தால் வெளியே வராது, கண்ணுக்கும் தெரியாது. உள்ளே மருந்திட்ட களிம்போ சிலிக்கானோ நிரப்பித்தான் வைக்கவேண்டும். தேவை தீர்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

குதியை உயர்த்த ஆப்பு மாதிரித் தகடு வைக்கலாம் என்கிறார்கள்.

வைத்த அன்றே நடை நன்றாகும், தசைநாரின் இழுவை குறையும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நசுங்கிய குதியின்மேல் உயரம் ஏற்றினால் எடையும் அங்கேயே போகும், மாதக்கணக்கில் விட்டால் குதி இன்னும் நசுங்கும். எக்ஸ்ரேயில் எலும்பு பின்பக்கம் சாய்ந்திருக்கிறது, இப்போதைக்குத் தாங்கல் வேண்டும் என்றால் சரி. எப்போது எடுப்போம் என்பதை வைக்கும் அன்றே பேசிவையுங்கள்.

சுவர் முழுக்க உடைந்திருக்கிறது, ஆணி அடிக்கவே இடமில்லை. என்ன செய்வது?

ஒட்டும் லாடம் இதற்குத்தான். அலுமினியத்திலும் இருக்கிறது, வளையும் பிளாஸ்டிக்கிலும் இருக்கிறது. பசை பிடிக்கக் குளம்பு எலும்புபோல் காய்ந்து சுத்தமாக இருக்கவேண்டும், கொஞ்சம் ஈரமிருந்தாலும் ஒரு வாரத்தில் கையோடு வரும். உள்ளே அழுகலோ, சுவரும் அடித்தட்டும் சேரும் கோட்டில் வரும் வெள்ளைக்கோட்டு நோயோ இருக்கும்போது மேலே பசை போட்டு மூடிவிட்டால் அது இருட்டில் வளரும், அதை முதலில் திறந்து ஆற்றுங்கள். விலையும் ஆணி லாடத்தைவிட அதிகம். இரண்டு மூன்று சுற்று ஒட்டி ஓட்டினால் அதற்குள் நல்ல சுவர் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், பிறகு ஆணிக்குத் திரும்பலாம்.

குளம்பு பூட்ஸ்?

எனக்குப் பிடித்த வழி. வேண்டும்போது மாட்டலாம், லாயத்தில் கழற்றலாம், உள்ளே மெத்தை வைக்கலாம். ஆனால் அளவு துல்லியமாக இருக்கவேண்டும், சீவிய மறுநாள் அளவெடுங்கள், ஐந்து வாரம் வளர்ந்த குளம்பில் எடுத்த அளவு பொருந்தாது. நீண்ட நுனியும் தாழ்ந்த குதியும் உள்ள பாதத்தில் சில பூட்ஸ் சுழலும், குதிக்குமேல் தோலை உரசிப் புண்ணாக்கும். நாள் முழுக்க மாட்டியே விட்டால் உள்ளே வேர்த்து ஃப்ராக் அழுகும்.

லாடம் அடித்த மறுநாளிலிருந்து நொண்டுகிறது.

ஆணி உயிர்ப்பகுதிக்கு மிக அருகில் போயிருக்கலாம், அல்லது அதிலேயே ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால் அடிக்கும்போதே குதிரை காலைப் பிடுங்கும், ரத்தமும் வரலாம். அருகில் போனது என்றால் ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். லாடக்காரரை உடனே கூப்பிடுங்கள், குளம்பு இடுக்கியால் ஒவ்வொரு ஆணியாக அழுத்திப் பார்த்து அந்த ஒன்றை எடுத்தால் பெரும்பாலும் தீரும், துளையைக் கழுவி மருந்திடவேண்டும். மெல்லிய சுவரில் நல்ல கைக்கும் இது நடக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள். கூப்பிட்டால் வராதவர் என்றால் கோபித்துக்கொள்ளலாம்.

எத்தனை வாரத்துக்கு ஒருமுறை?

இந்த மாதிரிப் பாதத்துக்கு நான்கிலிருந்து ஐந்து வாரம், மிஞ்சினால் ஆறு. லாடம் இன்னும் தேயவில்லையே என்று எட்டு வாரம் இழுத்தால் நுனி முன்னால் ஓடிவிடும், லாடமும் அதோடு முன்னால் போய்க் குதியை அனாதையாக விட்டுவிடும், போனமுறை திருத்தியதெல்லாம் வீண். வெறுங்காலுக்கும் இதே கணக்குதான்.

தீவனத்தால் குளம்பு மாறுமா? பயோட்டின் என்ற வைட்டமின் கொடுக்கலாமா?

மாறும், ஆனால் உங்கள் பொறுமைக்குச் சோதனை. இன்றைக்குக் கொடுப்பது மேலே புதிதாக முளைக்கும் பகுதிக்குத்தான் போகும், அது நுனிவரை இறங்க 9 முதல் 12 மாதம் ஆகும், குதிப்பக்கம் அதில் பாதி. 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பயோட்டின் என்பது வழக்கமான அளவு. மூன்று மாதம் கொடுத்துப் பலனில்லை என்று நிறுத்துபவர்கள் மூன்று மாதப் பணத்தை வீணாக்குகிறார்கள். துத்தநாகமும் செம்பும் குறைவாக இருந்தால் பயோட்டின் மட்டும் எதையும் கிழிக்காது, முடிந்தால் புல்லைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று குளம்பு மருந்துகளை ஒன்றாகக் கலந்து போடாதீர்கள்: செலீனியம் அளவு மீறினால் பிடரிமயிர் உதிர்ந்து குளம்பே பிளக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் அடிப்படை. ஓட்டத்தில் இருந்தபோது தானியம் மூட்டை மூட்டையாகத் தின்ற குதிரை இது. இப்போது காய்ந்த புல்தான் முக்கியம், உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் தினமும், தானியத்தை இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். ரேஸ் குதிரைகளில் வயிற்றுப்புண் மிகச் சாதாரணம், அது இருந்தால் நீங்கள் போடும் எதுவும் சரியாக உடம்பில் ஒட்டாது.

குளம்பு எண்ணெய் தடவுகிறேன், போதாதா?

பளபளக்கும். அதைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. குளம்பைக் கெடுப்பது காலையில் சேறு, மதியம் வெயிலில் காய்தல், மாலையில் குளிப்பாட்டல் என்று நனைந்து காய்ந்து நனைந்து காய்வதுதான். குளிப்பாட்டுவதைக் குறைத்து, லாயத்தில் மூத்திர ஈரம் நிற்காமல் பார்த்துக்கொண்டால் எண்ணெய்க் காசு மிச்சம். அடித்தட்டை இறுக்க வெனிஸ் டர்ப்பென்டைன் என்ற மரப்பிசினைத் தடவுவது பலரும் செய்வது, ஃப்ராக்கிலும் தோலிலும் படாமல் தடவலாம். ஃபார்மலின் வேண்டாம், சுட்டுவிடும். ஃப்ராக் பள்ளத்தில் கறுப்பாக நாற்றமடிக்கும் கசிவு இருந்தால் அது அழுகல், தினமும் சுரண்டிச் சுத்தம் செய்து காயவிட்டு மருந்திடுங்கள். குதி வலி என்று ஊரெல்லாம் எக்ஸ்ரே எடுத்தபிறகு இந்த அழுகல்தான் காரணம் என்று தெரிந்த கதைகள் நிறைய.

வலி மருந்து கொடுத்துவிட்டு ஓட்டலாமா?

கூடாது. ஃபீனைல்பியூட்டசோன் போன்ற மருந்து சீழுக்கோ லேமினைட்டிஸுக்கோ மருத்துவர் சொன்ன அளவில் சில நாள் கொடுப்பது வேறு, ஓட்டுவதற்காகக் கொடுப்பது வேறு. நீண்டநாள் கொடுத்தால் வயிறும் சிறுநீரகமும் கெடும், மெல்லிய அடித்தட்டு வலி தெரியாமல் கல்லில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டும். லாடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் நாளிலும் மருந்து உடம்பில் இருக்கக்கூடாது, பொய்யான பதில்தான் கிடைக்கும்.

லாடக்காரர் ஒன்று சொல்கிறார், மருத்துவர் வேறு சொல்கிறார். யாரைக் கேட்பது?

இருவரையும் ஒரே நேரத்தில் குதிரைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சொல்லும் தூது வேலையில் நாம்தான் எல்லாவற்றையும் குழப்புகிறோம். நான் செய்த இன்னொரு உருப்படியான காரியம், ஒவ்வொரு முறை சீவும் முன்பும் பின்பும் நான்கு குளம்பையும் பக்கவாட்டிலும் அடியிலும் ஒரே தூரத்தில் படம் எடுத்துத் தேதி போட்டு வைத்தது. ஆறாவது மாதம் அவற்றை வரிசையாகப் பார்த்தபோது யாரும் யாரையும் நம்பவைக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் முழுக்கச் சரியாகவில்லை.

ஒரு வருஷம் என்றால் ஒரு முழுக்குளம்பு வளர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகும் மெத்தென்ற தரையில் வலித்தால் சுவரையும் அடித்தட்டையும் தாண்டித் தேடவேண்டிய நேரம். குதிப்பகுதி நரம்பை மரத்துப்போகச் செய்து ஓட்டிப்பார்த்தால் வலி பாதத்தில்தானா என்று மருத்துவரால் சொல்லமுடியும், நேவிகுலர், மூட்டு, பழைய தசைநார்க் காயம் எதுவும் இருக்கலாம். மெத்தென்ற தரையில் நன்றாகவும் கல்லில் மட்டும் கூசியும் இருந்தால், இந்தக் குதிரையின் அடித்தட்டு இவ்வளவுதான் என்று ஏற்றுக்கொண்டு அதற்கேற்பப் பாதுகாப்பு கொடுங்கள். செவலை இன்றைக்குப் பின்னங்கால் இரண்டும் வெறுங்காலாக, முன்னங்கால்களில் அகலப் பட்டை இரும்பு லாடத்தோடு நிற்கிறது, ஐந்து வாரத்துக்கு ஒருமுறை. சரளைப் பாதையின் ஓரத்தில் இருக்கும் புல்வரப்பைத் தானே தேடிப்பிடித்து நடக்கும். நான் நடுப்பாதைக்கு இழுப்பதில்லை.